மிச்சத் தெருவுக்குப் போன கேரியர்

தொலைக்காட்சித் தொடர்களில் வருகிறவர்கள் சாப்பிடுவதில்லை என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. படித்தவர்களும் இதை நம்புவதால், மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை முதலில் திருத்தியாக வேண்டியிருக்கிறது. நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குடும்பத் தொடர்களில் நீள மேசையைச் சுற்றிப் பட்டும் நகையுமாக உட்காருகிறார்கள், இட்லியில் ஆவி பறக்கிறது, முதல் கவளம் வாய்க்குப் போகும் முன் யார் யாருடைய மகன் என்ற உண்மையை ஒருவர் சொல்லிவிடுகிறார், எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள், அந்த இட்லி என்ன ஆயிற்று என்று நாட்டில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் அவர்கள் சாப்பிடுகிறவர்கள்தான். கொடுத்தால் சாப்பிடுவார்கள். இதற்கான சான்று தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைமுனை என்ற கடற்கரை ஊரில், அமலோற்பவம் என்பவளின் அடுக்களைப் பலகையில் இன்றும் இரவுதோறும் கழுவிக் கவிழ்த்துவைக்கப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று கட்டிக்கிடந்து வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தபோது, மாலை ஏழரை மணிக்கு ‘மிச்சத் தெரு’ என்ற தொடர் வந்துகொண்டிருந்தது. உலகம் அழிந்துவிட்டது, எப்படி அழிந்தது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள், பார்த்தவர்கள் அதை மறந்தும்விட்டார்கள், ஒரு பெரிய நகரத்தில் ஒரே ஒரு தெரு மட்டும் மிஞ்சியிருந்தது, அந்தத் தெருவில் சில பேரும், கவிழ்ந்த பஸ் ஒன்றும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஒரு குழாயும் இருந்தன, சோறு இல்லை. ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் ஒரு கனத்த குரல், பசி வந்த இடத்தில் மனிதன் இருப்பதில்லை என்று எச்சரிக்கும். ஆனால் வாரக்கணக்கில் அந்தத் தெருவில் மனிதர்கள்தான் இருந்தார்கள். புல்லின் விதையைத் தட்டிச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார்கள், சாயங்காலம் காலிப் பானையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு குழம்பின் பெயர் சொல்லிக் கலைந்துபோனார்கள். சங்கரலிங்கம் என்ற பஸ் கண்டக்டர், கவிழ்ந்த பஸ்ஸிலிருந்து எடுத்த டிக்கெட்டைக் குழாயடியில் கிழித்துக் கொடுத்து, விசில் ஊதி, வரிசையை நகர்த்துவார். இறந்துபோன அரசாங்கத்தின் டிக்கெட்டுக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டார்கள். அமலோற்பவத்துக்கு அந்த விசில் பிடித்திருந்தது.

அவள் கணவன் தொம்மை படகுத்துறையில் கிழிந்த வலை பொத்தும் வேலைக்குப் போயிருந்தான். அன்றைக்குப் புதிய எஞ்சின் மாட்டிய படகு ஒன்றில் பிரியாணி போட்டதால், கொண்டுபோன கேரியரைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். மூன்று கிண்ணம், இரண்டு பக்கமும் எவர்சில்வர் சட்டம், மூடியில் ‘ம. அமலோற்பவம்’ என்று புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. கல்யாணத்துக்குத் தாய்மாமன் கொடுத்தது. ஏழரைக்குத் தொடர் தொடங்கியது. கண்டக்டர் குழாயடியிலிருந்து தள்ளாடி நடந்து பஸ்ஸின் நிழலில் சரிந்து உட்கார்ந்தார். அவருடைய கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டே அமலோற்பவம், இந்த மனுஷன் ஒரு வாய் தின்றால் என்ன என்று நினைத்தாள். நினைத்து முடிக்கும்போது ஸ்டாண்டில் கேரியர் இல்லை. அது பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு அருகே இருந்தது.

பக்கத்து வீட்டு விக்டோரியா, தன் வீட்டு டிவியை அப்படியே ஓடவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏளா, அது ஒன் கேரியர்லா?”

“ஆமா மைனி. ஸ்டாண்டுல இருந்திச்சு.”

“உள்ள என்ன?”

“சோறு, சாளக் கொழம்பு, உருளக்கெழங்கு.”

“கொழம்பு ஊசியிருக்காதே?”

“காலையில வச்சதுதான்.”

“அப்ப சரி,” என்று விக்டோரியா திரும்பிப் போனாள்.

நிகழ்ந்ததைப் பற்றி ஊரில் இதைவிடப் பெரிய விசாரணை நடக்கவில்லை. ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் லியோன் மட்டும் டிவி நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். அந்தக் காட்சிகள் எல்லாம் மாதங்களுக்கு முன்பே எடுத்தவை, அவற்றில் கேரியர் எதுவும் கிடையாது என்றார்கள். அது அவர்கள் எடுத்த தொடர்; வீடுகளில் ஓடியது வேறு. மற்ற ஊர்க்காரர்கள் கேரியரைப் பாத்திரக்கடை விளம்பரம் என்று எண்ணி, அமலோற்பவம் கம்பெனி கேரியர் இருக்கிறதா என்று கடைகளில் கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

கண்டக்டர் கேரியரைத் திறந்தார். குழம்பின் வாசனை, பல வாரம் காலிப் பானையைச் சுற்றிப் பெயர்களாக மட்டும் இருந்த அந்த வாசனை, தெருவில் இறங்கிப் போனது. தையல்காரர் முத்தையா அதன் வழியே நடந்து வந்தார். அவர் நல்லவர்; அறுந்த சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பார், தாயில்லாத மகள் ஒருத்தி அவருக்கு இருந்தாள். வந்தவர் பிடுங்கவில்லை, சத்தம் போடவில்லை. கையை நீட்டி, “கொஞ்சம்,” என்றார். கண்டக்டர் மூடியையும் கீழ்க் கிண்ணத்தையும் சேர்த்துப் பிடித்து அவருடைய நெற்றியில் ஓங்கி அடித்தார். பிறகு இன்னொரு தடவை. முத்தையா விழுந்தார், பிறகு எழவில்லை. கண்டக்டர் அவருக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து, சாளையின் முள்ளைப் பொறுமையாக எடுத்து ஓரத்தில் வைத்துவைத்துச் சாப்பிட்டு முடித்தார். காமிரா மூடியின் அருகே போய் நின்றது. ரத்தம் வழிந்த இடம் போக, ‘அமலோற்’ வரை வாசிக்க முடிந்தது.

தொடரின் கனத்த குரல் சொன்னது கடைசியில் மெய்யாகிவிட்டது என்று நாடெங்கும் பேசிக்கொண்டார்கள். புன்னைமுனையில் அப்படிப் பேசவில்லை. பேசாமல், அன்று முதல் சோறு வடிக்கிற நேரத்தில் கதவைச் சாத்தினார்கள். அந்த ஊரில் அடுப்பு எரியும்போது கதவு சாத்தியதாக அதற்குமுன் யாருக்கும் நினைவில்லை. தடைக்காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது போலத்தான் அப்போதும் இருந்தது, முந்தின வாரத்தைவிட யாருக்கும் பசி கூடவில்லை, ஆனால் பசித்தவன் என்ன செய்வான் என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கொடியில் காய்ந்த கருவாட்டை எண்ணி எடுத்து உள்ளே வைத்தார்கள். விக்டோரியாவின் மகன் பந்து எடுக்க உள்ளே வந்தபோது, அமலோற்பவத்தின் கை தானாகப் போய்ப் பானையை மூடியது. மூடிய கையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, மறுநாளைக்கு என்று காட்டுகிற துண்டுக் காட்சியில் நர்ஸ் தாமரை வந்தாள். முத்தையா விழுந்ததைச் சன்னல் வழியே பார்த்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் குழாயடியில் குனிந்து குடம் பிடித்துக்கொண்டிருக்க, பின்னால் கண்டக்டர் வந்து நிற்கிறார். கையில் கேரியர். அத்தோடு இசை முடிந்தது.

அமலோற்பவம் அன்றிரவு சாப்பிடவில்லை. “என் பேரு வெட்டுன ஏனம்,” என்று மட்டும் தொம்மையிடம் சொன்னாள். தொம்மை பேச்சுக் குறைந்தவன். “ஒன்னு ஆச்சு. ரெண்டாவது ஆகக்கூடாது,” என்றான்.

இங்கே கரைவலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உள்நாட்டுக்காரர்கள் இதிலும் பிழையான கருத்து வைத்திருக்கிறார்கள். விசைப்படகுக்குத்தான் தடை. கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் பெருவலைக்குத் தடை கிடையாது, அதில் விழும் மீன் வீட்டுக் குழம்புக்கே காணும் காணாது. ஆனால் அதற்கொரு முறை உண்டு. கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் கறிமீன் பங்கு உண்டு. இழுத்தவர், இழுப்பது போல நின்றவர், கடைசி நிமிடத்தில் ஓடிவந்து தொட்டவர், எல்லோருக்கும் ஒரே அளவு. மீனைக் குவித்து, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் கூறு போடுவார்கள். ஒருவன் பங்கை மட்டும் முதலில் எடுத்துக் கரையில் வைப்பது அங்கே நடக்காத காரியம். அப்படி வைத்தால் என்ன ஆகும் என்பது அங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். அமலோற்பவத்துக்கும் தெரியும்.

காலையில் வலை வளைத்து, கயிறு கரைக்கு வந்தபோது, அவள் போய் வலையின் சொந்தக்காரரான சூசைமரியான் முன்னால் நின்றாள்.

“பெரியப்பா, இன்னைக்கு விழுறத எல்லாம் எனக்குத் தரணும்.”

“எல்லாத்தையுமா? என்ன விசேசம்?”

“அந்தத் தெருவுக்குப் பொங்கிப் போடணும். மொத்தத் தெருவுக்கும்.”

சூசைமரியான் கயிற்றை விடவில்லை. “ஏளா, கரையில ஒருத்தன் பங்க மட்டும் வச்சா என்ன நடக்கும்?”

“அடிதடி நடக்கும்.”

“தெரியுதுலா. தெரிஞ்சும் ஏன் வச்ச?”

“எனக்கு அவியள்ல அந்த ஒருத்தரத்தான் பிடிச்சிருந்திச்சு.”

கயிறு கொஞ்சம் பின்னால் போய், மறுபடி இழுபட்டது.

விக்டோரியா முந்தானையை உதறிச் செருகினாள். “எம்பிள்ளைக இன்னைக்கு எதத் திங்கும்? டிவியக் கடிக்குமா?”

லியோன் கயிற்றைத் தொட்டபடி நின்றிருந்தான். தடைக்காலத்தில் ஐஸ் வாங்க ஆளில்லை, அவனும் வந்திருந்தான். “மைனி சொல்லுறது சரி. அதுமட்டுமில்ல, இத்தன வாரம் புல்லுக்கஞ்சியப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சு போச்சு. இப்பத்தான் கத சூடு பிடிக்கி. இன்னைக்கு அவன் நர்ஸ அடிக்கப்போறான்னு ஊரே உக்காந்திருக்கு. சோத்தப் போட்டுக் கெடுத்துராதீக.”

“அவிய கயத்துல கை வைக்கலயே,” என்றார் சூசைமரியான். அதுதான் சட்டம், அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

தொம்மை வரிசையின் கடைசியில் நின்றிருந்தான். “வழி இருந்தா வச்சிருப்பாவ,” என்றான். பிறகு ஒரு கையால் பிடித்திருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தான். “இந்தக் கை அவியளுக்கு.”

விக்டோரியாதான் முதலில் இரண்டாவது கையை வைத்தாள், வைக்கும்போது வாய்க்குள் எதையோ திட்டினாள், அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர் என்று கயிறு நெடுக இரண்டிரண்டு கைகள் ஏறின, வலையின் மடி கரையேறியபோது வழக்கமாக வருவதைவிட அதில் ஒரு மீனும் கூடுதலாக இல்லை, அத்தனையும் கோயில் அசன விருந்துக்குச் சமைக்கும் பெரிய அண்டாவுக்குப் போனது. பங்குச் சாமியார் அண்டாவையும் கரண்டியையும் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தெருக்காரர்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, தெரிந்தால் உப்பைக் கூட்டிப் போடுவீர்களா என்றார்.

கோயில் முற்றத்தில் மேசை போட்டு டிவியை வைத்து, அதற்கு முன்னால் அண்டாவை இறக்கினார்கள். ஏழரை ஆயிற்று. ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்று கருவாட்டுத் துண்டும் பழைய சோறும்தான். நர்ஸ் தாமரை குடத்தின் மேல் குனிந்திருந்தாள். கண்டக்டர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று கேரியரை உயர்த்தினார். அப்போது அவருடைய மூக்கு விரிந்தது. தெருவின் நடுவே, புன்னைமுனை அன்னை ஆலயம் என்று எழுதிய அண்டா, கரண்டி செருகியபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அண்டாவைச் சுற்றி நின்றார்கள், ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்த நிற்பு வெகுநேரம் நீடித்தது, கோயில் முற்றத்தில் யாரோ ஜெபமாலையை உருட்டும் சத்தம் கேட்டது. கண்டக்டரின் இடது கை சட்டைப்பைக்குப் போனது. விசில் ஊதினார். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. “வரிசையா வாங்க,” என்றார், “சில்லறை இல்லாட்டாலும் பரவாயில்ல.” டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். தாமரை கரண்டியைப் பிடித்தாள், அவரைப் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே அளவு ஊற்றினாள், கடைசியில் அவருக்கும் ஊற்றினாள். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பஸ்ஸுக்குப் பின்னால், மண் மூடிய இடத்தில், முத்தையாவின் தலைமாட்டில் வைத்தார். பட்டினியோடு திரும்பினார். முத்தையாவின் மகள் அந்தப் பங்கை எடுத்துவந்து சாப்பிட்டாள், அவர் தடுக்கவில்லை.

அன்று முதல் ஊரில் நாளுக்கொரு தெருவினர் முறைபோட்டுப் பொங்கினார்கள். சில நாள் மீன், சில நாள் வெறும் ரசம், ஒரு நாள் கஞ்சி. புன்னைமுனையில் என்னவோ அதுதான் அங்கேயும். விடியும்போது அண்டா கோயில் முற்றத்துக்குத் திரும்பியிருக்கும். ஊர்க்காரர்கள் மெலிந்தார்கள். சாத்திய கதவுகளை மட்டும், பொது அண்டாவுக்கு அரிசி போடுகிற அவசரத்தில், ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். தொடரில் எதுவும் நடக்கவில்லை. சாப்பிட்டார்கள், பாத்திரத்தை மண் போட்டுத் தேய்த்தார்கள், கவிழ்ந்த பஸ்ஸை நிமிர்த்த முடியுமா என்று ஒரு வாரம் முழுக்கப் பேசினார்கள். கனத்த குரல் எச்சரித்துக்கொண்டே இருந்தது. பார்க்கிறவர்கள் நாடெங்கும் வேறு நிலையத்துக்கு மாறினார்கள்.

லியோனுக்குப் பொறுக்கவில்லை. அவன் கெட்டவன் அல்ல. தடைக்காலத்தில் ஒரு மனிதனுக்குப் பொழுது போக வேண்டாமா என்பதுதான் அவன் கேள்வி. காற்று முற்றிக் கரைவலை போடமுடியாமல் அடுப்பில் அண்டா ஏறாத ஒரு நாள், ஐஸ் கம்பெனியில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, டிவிக்கு முன்னால் ஒரு கோழி பிரியாணிப் பொட்டலத்தை வைத்தான். ஒன்றே ஒன்று.

பொட்டலம் தெருவின் நடுவில் விழுந்தது. அன்று விசிலுக்கு முன்னால் கால்கள் ஓடின. கனத்த குரல் சொன்னது போலவே எல்லாம் நடந்தது, பித்தான் தைத்த சட்டைகள் கிழிந்தன, பொட்டலம் பிய்ந்து சோறு மண்ணில் சிதறியது, அதை மண்ணோடு வழித்தார்கள், எல்லோரும் விலகியபோது முத்தையாவின் மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய முன்கை, மூட்டு இல்லாத இடத்தில் மடங்கியிருந்தது. ஐஸ் கம்பெனியில் முதலில் கைதட்டினார்கள். பிறகு ஒருவன் எழுந்து வெளியே போனான். சிறுமி அழவில்லை, அதுதான் அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது.

அமலோற்பவம் தன் வீட்டில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் பஸ்ஸோரம் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஓடாதவர் அவர் ஒருவர்தான். தாமரை சிறுமியின் கையைத் தாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“நேரா ஒரு பட்டை வேணும். மரமோ தகரமோ.”

தெருவில் எரிக்காத மரம் எதுவும் மிச்சமில்லை. கண்டக்டர் அருகே வந்தார். தாமரையின் உடம்பு பின்னால் சாய்ந்தது, ஆனால் சிறுமியின் கையை அவள் விடவில்லை.

“அதக் கொடு,” என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்து, கிண்ணங்களைக் கழற்றி வைத்து, கேரியரின் பக்கச் சட்டம் ஒன்றை ஆணியோடு நெம்பி எடுத்தார். முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, சிறுமியின் முன்கைக்கு அளவு பார்த்தார், இன்னும் கொஞ்சம் வளைத்தார். தாமரை அதை வைத்துத் துணியால் கட்டினாள். “உங்கப்பாவ நான்தான் அடிச்சேன்,” என்றார் கண்டக்டர்.

“தெரியும்,” என்றாள் சிறுமி. “கட்டு இறுக்குது.”

அவர் முடிச்சைத் தளர்த்திவிட்டார்.

மறுநாள் காற்று அமர்ந்து வலை வளைத்தபோது லியோன் கரைக்கு வந்தான். பொட்டலத்தை வைத்தது யார் என்பது அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. கயிற்றருகே வந்து சற்று நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். விக்டோரியா சூசைமரியானைப் பார்த்தாள், சூசைமரியான் கடலைப் பார்த்தார். அமலோற்பவம் தனக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குப் பின்வாங்கி நின்றாள். லியோன் அங்கே வந்து கயிற்றைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். கூறு போடும்போது அவனுக்கும் அதே அளவுதான் விழுந்தது, அவன் அதைக் குனிந்து எடுத்து, வீட்டுப் பக்கம் போகாமல், கோயில் முற்றத்து அண்டாவில் போட்டுவிட்டு ஐஸ் கம்பெனிக்கு நடந்தான்.

தொடரை யாரும் பார்க்கவில்லை என்று நிலையம் அதைச் சீக்கிரமே முடித்துவிட்டது. கடைசி நாளில் கதை என்று எதுவும் இல்லை. அரை மணி நேரமும் தெருக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, சாம்பலும் மண்ணும் போட்டுப் பாத்திரம் துலக்கினார்கள். கனத்த குரல் தன் வாசகத்தைத் தொடங்கியது, பாதியில் நின்றது, பெயர்கள் ஓடின.

ஆனி பிறந்து படகுகள் கடலில் இறங்கின. அதே ஏழரை மணிக்கு, நீள மேசையும் பட்டுப்புடவையுமாக ஒரு புதிய தொடர் வந்தது. அதன் முதல் நாள் காலையில் கோயில் முற்றத்தில் அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது, அமலோற்பவம் வீட்டு டிவி ஸ்டாண்டில் கேரியர் இருந்தது. மூடியில் அவளுடைய பெயர் முழுசாகத் தெரிந்தது. இரவல் வாங்கிய ஏனத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது அந்தத் தெருவிலும் வழக்கம் போலும். மேல் கிண்ணத்தில் ஒரு பிடி புல்லரிசி இருந்தது. அவள் அதைக் கல் பொறுக்கிக் கஞ்சி காய்ச்சினாள், ஒரு கிண்ணம் விக்டோரியாவுக்கும் கொடுத்தாள்.

திரும்பப் பொருத்தியிருந்த பக்கச் சட்டம் ஒன்று சிறு பிள்ளையின் முன்கை அளவுக்கு வளைந்திருந்தது. தொம்மை அதை நிமிர்த்தப் பார்த்தான், அவள் வேண்டாம் என்றாள். வளைந்த சட்டத்தில் மூன்றாவது கிண்ணம் உட்காரவில்லை. அன்றிலிருந்து அவன் சோறும் குழம்பும் மட்டும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறான்.